மூணு ரிங்குக்குள்

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் அங்கே சுகம் என்பது தெரியும். உங்கள் அண்ணனோடு நீங்கள் தினமும் பேசுவதை அண்ணி ஒன்று விடாமல் வந்து ஒப்பித்துவிட்டுப் போகிறார். கடலுக்கு நடுவே அந்த எண்ணெய்த் தளத்தில் காற்று மோசமாக இருக்கிறதாம், உங்களுக்கு இருமல் விடவில்லையாம். வெந்நீர் குடியுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

கல்யாணமான இந்த இருபது வருடத்தில் உங்களுக்கு நான் கடிதம் எழுதியதில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் இப்போது போன் அடிப்பதில்லை. என்னுடையதை வாயடைத்து, பீரோவில் போர்வைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரருடைய போன் ஜன்னல் வழியாகக் கேட்டது. தலை துவட்டிக்கொண்டிருந்த நம் பெண் வாண்டு துண்டை எறிந்துவிட்டு, "எடுக்குறேன், எடுக்குறேன், இதோ எடுத்துட்டேன்" என்று கட்டிலுக்கு அடியிலும் மேசைக்கு அடியிலும் தேடினாள். அவளிடம் போனே இல்லை. போலீஸ் வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதமாகிறது. அதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

உங்கள் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வண்டி காவல் நிலையத்துக்குப் பின்னால் நிற்கிறது. முன் கண்ணாடி போய்விட்டது, மற்றபடி பெரிய அடி இல்லை. அவள் கல்லூரிக்குப் போகவில்லை. சாப்பாடு நான் ஊட்டினால் உண்டு. "இவ்ளோ பண்ணிட்டு என்கிட்ட பேச மாட்டேங்குறாளே, திமிரா?" என்று அண்ணியிடம் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். அதற்குப் பதில்தான் மீதிக் கடிதம்.

நடந்ததை நீங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு வரிசையில் சொல்லிவருகிறீர்கள். நான் என் வரிசையில் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அவளுக்கு லைசென்ஸ் வந்தபோது நீங்கள் விடுமுறையில் வீட்டில் இருந்தீர்கள். முக்கால்வாசி அப்பாக்கள் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், எங்க வீட்டுக்காரர் அப்படியில்லை என்று நான் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். பாதுகாப்பு அதிகாரி வீட்டுப் பெண் என்றால் சும்மாவா? பதினொரு விதிகள். உங்கள் தளத்தில் எரிவாயுக் குழாய்ப் பக்கம் ஒட்டுகிற அதே மஞ்சள் தாளில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினீர்கள். பெல்ட் போடாமல் சாவியைத் திருப்பக் கூடாது. தோழிகளை ஏற்றக் கூடாது. மழையில் எடுக்கக் கூடாது. இருட்டினால் எடுக்கவே கூடாது. நல்ல விதிகள். இன்றைக்கும் அதில் பத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏழாவது விதி, அப்பா கூப்பிட்டால் மூணு ரிங்குக்குள் எடுக்க வேண்டும், எங்கே இருந்தாலும்.

பிறகு அந்தக் கறுப்புப் பெட்டி. தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே நீங்களே குனிந்து மாட்டினீர்கள். வண்டி ஐம்பதைத் தாண்டினால் உங்கள் போனுக்குத் தகவல் வரும். வண்டி நின்றால் எங்கே நிற்கிறது என்று காட்டும். மாதக் கடைசியில் எனக்கும் ஒரு நகல் வரும்படி செய்துவைத்தீர்கள். "அம்மா, இனிமே அப்பா டிக்கியில ஒளிஞ்சுட்டுதான் இருப்பாரு" என்று அவள் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைவு.

நீங்கள் திரும்பிப் போன பிறகு, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் மாஸ்டர் எங்கள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். அவருடைய இரண்டு கண்களுக்கும் இடையில் அளவுகோலை வைத்து நான் அளந்துகொண்டிருந்தேன். அசையாமல் உட்கார்ந்தபடியே சொன்னார்: "உங்க பொண்ணு நிதானமா ஓட்டுதும்மா. பயமே வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, அது ரோட்ல இருக்கும்போது வீட்ல யாரும் போன் பண்ணாதீங்க. புதுசா ஓட்டுற பிள்ளைங்களுக்கு வீட்லேர்ந்து வர்ற போன்தான் எமன். சிநேகிதி கூப்பிட்டா அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுரும். அப்பா அம்மான்னா கை தானா போயிரும். அடிச்சாலும் அடிக்கட்டும்னு விட்டுட்டு, ஓரம் கட்டி நிறுத்தினப்புறம் கூப்பிடச் சொல்லிருக்கேன். சார்கிட்டயும் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். அன்று மாலை நீங்கள் போனில் நல்ல மனநிலையில் இருந்தீர்கள், ஏதோ பாராட்டுப் பத்திரம் கிடைத்திருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்ல நாள் பார்த்தே எனக்குப் பாதி வாழ்க்கை போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து அவள் மாஸ்டர் சொன்னதைச் செய்தாள். நீங்கள் கூப்பிட்டபோது எடுக்காமல், பாலத்தைத் தாண்டி, பெட்ரோல் பங்க் வாசலில் வண்டியை நிறுத்தி, திரும்பக் கூப்பிட்டாள். நான்கு நிமிடம். அன்றைக்கு மாலை வீடியோவில் வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன். "நாலு நிமிஷம் எங்க இருந்த? எவன் கூட இருந்த?" என்று கேட்டீர்கள். ஓரம் கட்டினேன்ப்பா, மாஸ்டர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார் என்றாள். "மாஸ்டரா உனக்கு அப்பன்?" என்றீர்கள். இரண்டு வாரம் சாவி கிடையாது என்று தீர்ப்பு.

சாவியை அவள் கையிலிருந்து வாங்கியது நான். அவள் என்னைப் பார்த்தாள். மாஸ்டர் என்னிடமும் அதையே சொல்லியிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அப்பா கூப்பிட்டா எடுத்துத் தொலையேன். எடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவே?"

அதற்குப் பிறகு அவள் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள். "பாத்தியா, வழிக்கு வந்துட்டா" என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டில் சண்டை இல்லை.

நேற்று இந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். அவள் எழுந்து வந்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள். கடைக் கணக்கு என்று பொய் சொன்னேன். இப்போது தூங்குகிறாள், காலை பதினொரு மணி. டாக்டர் தந்திருக்கும் மாத்திரை அப்படி.

அந்தப் புதன்கிழமை. கடையில் ஒரு பெரியவருக்குச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். நான்கு இருபத்தாறுக்கு நீங்கள் கூப்பிட்டீர்கள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "வாண்டு வண்டி சந்தைத் தெரு முனையில நிக்குது. ஆணி கீணி குத்திடுச்சோ என்னவோ, போய்ப் பாரு" என்றீர்கள். அவளிடம் பேசினீர்களா என்று கேட்டேன். "ரெண்டு நாளா பேசவேயில்ல" என்றீர்கள். பெரியவரிடம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்து போனேன். ஓடக்கூட இல்லை. உங்கள் குரலில் ஓட வேண்டிய அவசியம் தெரியவில்லை.

சாலையைக் கடக்கப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளில் துணிகள் சிதறிக் கிடந்தன. கத்தரித்த துணிகள், ஒரு கை மட்டும் தைத்த சட்டை, நூல்கண்டு உருண்டு ஓடி அந்தப் பக்கம் வரைக்கும் போயிருந்தது. அந்த நூலைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. நம் தையலக்காதான். வாண்டுவுக்கு முதல் பள்ளிக்கூடச் சட்டை தைத்தவர். அவளை மேசைமேல் ஏற்றி நிறுத்தி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, "ஆடாதடி தங்கம், அக்கா ஊசியை முழுங்கிடுவேன்" என்று மிரட்டுவாரே, அவர். ஒரு செருப்பு முன் சக்கரத்தின் கீழே இருந்தது. அவரை அதற்குள் தூக்கிப் போயிருந்தார்கள்.

வண்டியைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்ததும், "அம்மா, அக்காவுக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தையலக்கா போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் என் முன்னால்தான் விசாரித்தார். போனில் பேசிக்கொண்டிருந்தாயா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும், "இல்ல சார், யாரும் கூப்பிடல, நான்தான் கவனிக்கல" என்றாள். நான் நம்பினேன். நீங்கள் அன்றே குடும்பத்தார் எல்லோருக்கும் செய்தி அனுப்பினீர்கள்: படித்துப் படித்துச் சொன்னேன், சொல் பேச்சு கேட்காத பிள்ளை, அம்மா கொடுத்த இடம். உங்கள் தங்கை அதற்குக் கைகூப்பும் படம் போட்டிருந்தாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தையலக்காவை எடுத்துப்போன அன்று மாலை நான் அவள் அறைக்குப் போய், "ஒரு உசுர எடுத்துட்டு எப்படிடி மூச்சு விடுற?" என்று கேட்டேன். பெற்றவள் கேட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் வாயை மூடியிருப்பேன். சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துத் தையலக்காவின் கணவர் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். ஒரு காகிதப் பையை நீட்டினார். வாண்டு தைக்கக் கொடுத்திருந்த நீலச் சுடிதார். "அவ முடிச்சு வெச்சிருந்தா. பட்டன்கூட கட்டியிருக்கா. எங்க வீட்ல இருக்க வேணாம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் ஒளித்துவைப்பதற்குள் வாண்டு பார்த்துவிட்டாள். உங்கள் சவரப் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு நாள், ஒரு தையல் விடாமல் பிரித்தாள். எதற்கு என்று கேட்டேன். "எனக்குன்னு தெச்சதும்மா இது" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை வக்கீலம்மா என்னை மட்டும் தனியாக வரச் சொன்னார். கறுப்புப் பெட்டியின் மாத அறிக்கையை நான்தான் அவரிடம் கொடுத்திருந்தேன், அவள் வேகமாக ஓட்டவில்லை என்று காட்டத்தான். சிம் கார்டு என் பெயரில் இருப்பதால் அவளுடைய போன் அழைப்புகளின் பட்டியலையும் என்னிடம் கையெழுத்து வாங்கி எடுத்துவைத்திருந்தார். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நடுவில் வைத்தார். கண்ணாடி அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போடுகிறவருக்குத் தலைவலி வரும் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்கிறவள் நான். என் கண் தப்பாது. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

நான்கு இருபத்தொன்றும் ஆறு நொடியும்: வேகம் ஐம்பத்தேழு. தண்ணீர் லாரியைத் தாண்டியிருக்கிறாள். அடுத்த பத்து நொடியில் அவளாகவே குறைத்துவிட்டாள், நாற்பத்தொன்று. நான்கு இருபத்தொன்றும் நாற்பது நொடியும்: உங்கள் அழைப்பு. இரண்டாவது ரிங்கில் எடுத்திருக்கிறாள். நான்கு இருபத்திரண்டும் இருபத்துமூன்று நொடியும்: வண்டி நின்றுவிட்டது. உங்கள் அழைப்பு மொத்தம் அறுபத்தொன்பது நொடி. வண்டி நின்ற பிறகும் இருபத்தாறு நொடி நீங்கள் லைனில் இருந்திருக்கிறீர்கள். பிறகு கட் செய்தது உங்கள் பக்கம்.

வீட்டுக்கு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் தெரியும், சொல்லு என்றேன். சுவரைப் பார்த்தபடி சொன்னாள். அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "ஐம்பத்தேழுல ஓட்டுறியே, உயிர் மேல ஆசையில்லையான்னாரு. லாரியைத் தாண்டினேன்ப்பா, இப்ப கொறச்சுட்டேன்னேன். பொய் சொல்லாதேன்னாரு. இல்லப்பா, நிஜமான்னேன். அப்ப மீட்டரைப் பாத்து நம்பரைச் சொல்லுன்னாரு. பாத்தேம்மா. நாப்பத்தொண்ணுன்னு சொல்ல வாயெடுத்தேன்."

மோதியதை அவள் சொல்லாமல் தாண்டிவிட்டாள். "அப்புறம் அப்பா, அப்பான்னு கூப்பிட்டுட்டே இருந்தேன்" என்றாள்.

இருபத்தாறு நொடி அவள் உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நீங்கள் கட் செய்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதற்குள் மூன்றரை நிமிடம் இருக்கிறது. அந்த மூன்றரை நிமிடத்தில் என்ன செய்தீர்கள்? தண்ணீர் குடித்தீர்களா? தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டீர்களா? ஆணி குத்தியிருக்கும் என்று சொல்லலாம் என எப்போது தோன்றியது?

இதையெல்லாம் உங்களிடம் கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, அந்தச் சத்தம் அப்பாவுக்குக் கேட்டிருக்குமா?"

இல்லைம்மா, மோதினதுமே லைன் கட்டாகியிருக்கும் என்றேன்.

"நல்லவேளை" என்றாள். "பாவம்மா, கேட்டிருந்தா அவருக்குத் தூக்கமே வராது. அதான் போலீஸ்கிட்ட சொல்லல. நீயும் சொல்லிடாதே."

உங்கள் திமிர் பிடித்த பெண் இதைத்தான் சொன்னாள்.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி, காலை பத்தரை மணிக்கு விசாரணை. இந்தக் கடிதம் வியாழக்கிழமைப் படகில் வந்து உங்கள் கையில் சேரும்போது மூன்று வாரம் மீதி இருக்கும். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய தாள், மகளோடு இரண்டு நாளாகப் பேசவில்லை என்று எழுதியது, வக்கீலம்மாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை இன்னும் கோர்ட்டில் கொடுக்கவில்லை. நீங்கள் வந்து உண்மையைச் சொன்னால் கொடுக்கவே வேண்டாம் என்கிறார். வராவிட்டாலும் போலீஸ் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கும் போனின் அறிக்கை வந்துவிடும். அப்போது அவள் வண்டி ஓட்டிக்கொண்டே அரட்டையடித்து ஆளைக் கொன்றவள், அதை மறைத்துப் பொய் சொன்னவள். அவ்வளவுதான் நீதிபதிக்குத் தெரியும். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று அந்தத் தாளில் இருக்காது.

நானும் கூண்டில் ஏறப்போகிறேன். மாஸ்டர் சொன்னதை மறைத்ததையும் சாவியை வாங்கியதையும் சொல்வேன். உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் தப்பித்துக்கொள்கிறேன் என்று அண்ணன் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்குக் கோர்ட்டில் அந்த நேரங்களையெல்லாம் சத்தமாக வாசிப்பார்கள். நொடிக் கணக்கு உட்பட. அவள் கூட்டல் கழித்தல் தெரிந்த பெண். என் பொய் அந்த நிமிடத்தோடு செத்துவிடும். அதற்கு முன்னால் அவள் உண்மையை உங்கள் வாயால் கேட்கட்டும். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வர வேண்டாம், அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை. நேரே வக்கீலம்மா அலுவலகத்துக்கு வாருங்கள். அவளைக் கூட்டிவருகிறேன். நீங்கள் அவள் எதிரில் உட்கார்ந்து, எல்லாம் கேட்டது என்று சொல்ல வேண்டும். அவள் எவ்வளவு நேரம் அழுதாலும் நீங்கள் எழுந்து போகக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும், காதும் ஞாபகமும் ஒரு நாள்கூட மங்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாண்டுவின் அம்மா